மார்பகப் புற்றுநோய் கண்குழிக்குப் பரவினால் என்ன சிகிச்சை?

மார்பகப் புற்றுநோய் பரவும் இடங்கள் என்றால் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்றுதான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கண்ணைச் சுற்றியுள்ள எலும்புக் குழிக்கும் அது போகும். அரிதுதான், ஆனாலும் பெரியவர்களுக்கு வேறு உறுப்பிலிருந்து கண்குழிக்குப் பரவி வரும் புற்றுக்கட்டிகளில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் நிற்கிறது.

சிகிச்சையைப் பேசுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘கண்ணுக்குப் பரவிவிட்டது’ என்று சொல்வதில் இரண்டு வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, விழிக்கு உள்ளேயே, விழித்திரைக்கு அடியில் இருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலத்தில் புற்று படிவது. இதுதான் அதிகம் நடப்பது. மற்றொன்று, விழிக்கு வெளியே, அதைத் தாங்கி நிற்கும் குழிக்குள் படிவது. முதலாவதைக் கண் மருத்துவர் பாப்பாவை விரித்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவதில் விழிக்குள் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

குழிக்குள் நடப்பது

ஒரு கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் விழிக்கு ஏறக்குறைய 7 மில்லி போக, மீதியில் கொழுப்பு, கண்ணை அசைக்கும் தசைகள், கண்ணீர்ச் சுரப்பி, ரத்தக்குழாய்கள், பார்வை நரம்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. சுற்றிலும் எலும்புச் சுவர். அகலமான திறப்பு முன்பக்கம் மட்டும். உள்ளே 4 மில்லி கூடினாலே விழி சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் தள்ளப்பட்டுவிடும். ஒரு தேக்கரண்டி கூட இல்லாத அந்த அளவு, முகத்தைப் பார்த்தவுடன் தெரிகிற மாற்றத்தைக் கொண்டுவந்துவிடுகிறது.

புற்றுச் செல்கள் இங்கே வருவது ரத்தத்தின் வழியாக. கொழுப்பிலோ தசையிலோ எலும்பிலோ தங்கி வளர்கின்றன. எங்கே தங்கின என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். தசையில் இறங்கினால் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். எலும்பைத் தாக்கினால் வலி முந்திக்கொள்ளும். குழியின் பின்கோடியில் நரம்பு வெளியேறும் குறுகலான இடத்தில் உட்கார்ந்தால், கண் வெளியே பிதுங்குவதற்கு முன்பே பார்வை மங்க ஆரம்பிக்கும். மேல் இமை தொங்குவதும், இமைக்கு மேலே விரலுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்படுவதும் சாதாரணமாகக் காணப்படுபவை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் பலரை ஏமாற்றுவது. மார்பகப் புற்றில் லோபுலார் என்றொரு வகை இருக்கிறது. அது உருண்டைக் கட்டியாக வளராமல், திசுக்களுக்கு இடையே வரிசைவரிசையாக ஊடுருவி, போகிற இடமெல்லாம் நாரைப் போல இறுக்கிக்கொண்டே போகும் சுபாவம் கொண்டது. கண்குழிக்கு வரும் மார்பகப் புற்றில் இந்த வகைக்குக் கணிசமான பங்கு உண்டு. குழிக்குள் நார்த்திசு சுருங்கும்போது கண் வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்பட்டு, அசைய முடியாமல் இறுகிவிடும். பார்ப்பவர்களுக்கு மற்றக் கண் பிதுங்கியிருப்பதுபோலத் தோன்றும். அப்படி நினைத்து நல்ல கண்ணை ஸ்கேன் எடுத்து, தைராய்டு சோதனை செய்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்துபோன ஒருவருக்கு ஒரு கண் சிறுத்தும் உள்வாங்கியும் தெரிந்தால், அந்த உள்வாங்கிய கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வந்துபோய் எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது இங்கே ஆறுதல் தராது. ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பற்றிக்கொண்டு புற்றை வளரவைக்கும் புரதம்) உள்ள வகைகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத் திரும்புவது அறிந்த விஷயம். அதனால் கண் மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும், பழைய மார்பகப் புற்றைச் சொல்லிவிடுவது அவசியம். சிலருக்கு மார்பில் புற்று இருப்பதே கண்ணில் வந்த மாற்றத்தால்தான் தெரியவரும்.

உறுதிசெய்வது

கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி, மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐதான் கண்குழியைத் தெளிவாகக் காட்டும். ‘மூளை எம்ஆர்ஐ’ என்று மட்டும் எழுதிக்கொடுத்தால் குழியின் துண்டுகள் தடிமனாக எடுக்கப்பட்டு, சின்ன மாற்றம் தவறிப்போகலாம். ‘மூளையும் இரு கண்குழிகளும்’ என்று கேட்டு வாங்க வேண்டும். எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க சிடி ஸ்கேன். உடம்பில் வேறெங்கே இருக்கிறது என்று பார்க்க, புற்று உள்ள இடத்தை ஒளிரவைக்கும் பெட்-சிடி. ஆனால் லோபுலார் வகை பெட்டில் மங்கலாகவே ஒளிரும், சில சமயம் ஒளிராமலே போகும். பெட் சுத்தமாக வந்தது என்பதற்காக எம்ஆர்ஐயில் தெரிவதைத் தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது பயாப்ஸி, அதாவது கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது. ‘ஏற்கெனவே புற்று இருந்தது தெரியும், மறுபடி எதற்குக் குத்த வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் இரண்டு. கண்குழியில் வரும் அழற்சி நோய், நிணநீர்ப் புற்றான லிம்போமா, தைராய்டு கண்நோய் எல்லாம் ஸ்கேனில் ஒன்றைப்போல ஒன்று இருக்கும். புற்றுநோயாளிக்கும் அவை வரலாம். இரண்டாவது காரணம் சிகிச்சைக்கு நேரடியாகத் தேவைப்படுவது: முதலில் மார்பில் இருந்த புற்றின் ஏற்பிகளும், பல ஆண்டு கழித்துக் கண்குழியில் முளைத்த புற்றின் ஏற்பிகளும் ஒன்றாக இருந்தாக வேண்டியதில்லை. ஈஸ்ட்ரஜன் ஏற்பி காணாமல் போயிருக்கலாம், புற்றை வேகமாக வளரவைக்கும் ஹெர்-2 என்ற ஏற்பி மாறியிருக்கலாம். பழைய அறிக்கையை வைத்து மருந்து எழுதினால் குறி தவறிவிடும்.

கட்டி முன்பக்கமாக இருந்தால் இமை மடிப்பில் சிறு கீறல் போட்டு ஒரு துணுக்கு எடுத்துவிடலாம். ஆழத்தில், பார்வை நரம்பை ஒட்டி இருந்தால் அங்கே குத்துவது ஆபத்து. உடம்பில் வேறெங்காவது எளிதாக எட்டும் இடத்தில் பரவல் இருந்தால் அங்கிருந்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எடுத்த திசுவில் ஈஆர் (ஈஸ்ட்ரஜன் ஏற்பி), பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றையும் பார்க்க வேண்டும். ஹெர்-2 முடிவு 2+ என்று வந்தால் அது முடிவல்ல, ஹெர்-2 மரபணுவின் நகல்களை எண்ணும் ஃபிஷ் சோதனை செய்து தீர்க்க வேண்டிய கேள்வி.

இந்தக் கட்டத்தில் நேரும் முக்கியமான தவறு ஸ்டீராய்டைச் சோதனைக்காகக் கொடுத்துப் பார்ப்பது. ஸ்டீராய்டு எந்த வீக்கத்தையும் கொஞ்சம் வடிக்கும். புற்றைச் சுற்றியுள்ள வீக்கத்தையும்தான். ஒரு வாரத்தில் கண் இறங்கியதும் ‘அழற்சிதான்’ என்று முடிவுகட்டி, மாத்திரையைக் குறைக்கக் குறைக்கப் பழையபடி ஏறி, மறுபடி அளவைக் கூட்டி, இப்படியே மாதங்கள் ஓடிவிடும். ஸ்டீராய்டுக்கு அடங்கி நிறுத்தியதும் திரும்புகிற கண் வீக்கம், பயாப்ஸி செய்யப்படாததாக இருந்தால், அதற்குமேல் தள்ளிப்போடாமல் பயாப்ஸி செய்துவிட வேண்டும்.

இரண்டு கேள்விகள், இரண்டு வேகம்

சிகிச்சைத் திட்டம் முழுவதும் இரண்டு கேள்விகளில் தொங்குகிறது. பார்வை இப்போது ஆபத்தில் இருக்கிறதா? உடம்பு முழுவதும் உள்ள நோய்க்கு எந்த மருந்து வேலைசெய்யும்? முதல் கேள்விக்கு நாள்கணக்கில் பதில் வேண்டும். இரண்டாவது, மாதங்களும் ஆண்டுகளுமாக நடக்கப்போகும் வேலை. கண்குழியில் தெரிவது ரத்தத்தில் ஓடிவந்த நோயின் ஒரு நுனி என்பதால், கண்ணுக்கு மட்டும் செய்து நிறுத்தினாலும் தப்பு. ‘மாத்திரை பார்த்துக்கொள்ளும்’ என்று நரம்பு நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தப்பு.

இந்த நிலையில் சிகிச்சையின் நோக்கம் நோயை அடியோடு அழிப்பதல்ல. பார்வையைக் காப்பது, வலியைப் போக்குவது, நோயை முடிந்தவரை நெடுங்காலம் அடக்கி வைப்பது. இதை முதலிலேயே வெளிப்படையாகப் பேசிக்கொள்வது நல்லது.

பார்வை நரம்பு அழுத்தப்படுகிறது என்பதற்கு முதல் துப்பு எழுத்து மங்குவது அல்ல, நிறம் வெளுப்பது. ஒரு சிவப்பு மூடியை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் மாறிமாறிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு அது சிவப்பாகவும் மற்றதற்குச் செங்கல் நிறமாகவோ ஆரஞ்சாகவோ தெரிந்தால், எழுத்துப் பலகையை முழுவதும் படிக்க முடிந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருத்துவர் டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறுகண்ணுக்கு மாற்றிமாற்றி அடித்து, பாப்பா சுருங்க வேண்டிய இடத்தில் விரிகிறதா என்று பார்ப்பார். விரிந்தால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது.

அப்போது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உடனே தொடங்கப்படும். சிகிச்சைக்கான வாசலைத் திறந்து வைக்கும் மருந்து அது, சிகிச்சை அல்ல. காலையிலும் மதியத்திலும் எடுத்தால் தூக்கம் கெடுவது குறையும். வயிற்றுப் புண் தடுப்பு மாத்திரை கூடவே வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ரத்தச் சர்க்கரை தடாலென ஏறும் என்பதால் முதல் நாளிலிருந்தே அளக்க வேண்டும். சில நாட்களுக்கு மேல் எடுத்திருந்தால் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கதிர்வீச்சு

கண்குழிக்கென்று செய்யப்படும் முதன்மைச் சிகிச்சை வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சுதான். பரவலாகக் கொடுக்கப்படும் அளவு 10 தவணைகளில் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வாரம் ஐந்து நாள் வீதம் இரண்டு வாரம். உடல்நிலை தளர்ந்திருந்தால், அல்லது மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டியிருந்தால், 5 தவணைகளில் 20 கிரே. நீண்ட காலம் அடக்கி வைக்க வேண்டும் என்று கருதினால், சிறு தவணைகளாகப் பிரித்து 40 கிரே வரை போவதுண்டு.

தொடங்கும் முன் ஒரு நாள் முகமூடி செய்வதற்குப் போக வேண்டும். வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் இழுத்துப் பலகையோடு பொருத்துவார்கள். சில நிமிடத்தில் அது முகத்தின் அச்சாக இறுகிவிடும். மூச்சு விடலாம், பேச முடியாது. அதை அணிந்தபடியே சிடி ஸ்கேன் எடுத்து, எம்ஆர்ஐ படத்தை அதன்மேல் பொருத்தி, கட்டியையும் பார்வை நரம்பையும் லென்ஸையும் கண்ணீர்ச் சுரப்பியையும் கோடு போட்டு வரைவார்கள். பிதுங்கிய கண் என்றால் முகமூடி இமையை அழுத்தாமல் இருக்கிறதா என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தைத் தளர்த்தியோ வெட்டியோ கொடுப்பார்கள். மூடிய இடம் என்றால் பயப்படுபவர்கள் மறைக்காமல் சொன்னால் லேசான அமைதி மருந்து தருவார்கள். ஸ்டீராய்டில் முகம் உப்பிப்போனால் முகமூடி நடுவில் இறுக்கமாகிவிடுவதும் உண்டு. வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும், புதிதாகச் செய்துகொள்ளலாம்.

தினமும் மேசையில் இருக்கப்போவது பத்து, பதினைந்து நிமிடம். கதிர் படுவது தெரியாது. முதல் சில நாட்களில் கண் கொஞ்சம் கூடுதலாக வீங்கலாம், சிவக்கலாம். கட்டி வளர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வலி முதலில் குறையும், பெரும்பாலும் சிகிச்சை முடிவதற்குள்ளாகவோ அடுத்த ஓரிரு வாரத்திலோ. கண் உள்ளே இறங்க வாரங்கள் ஆகும். இரட்டைப் பார்வைதான் கடைசியாகத் தீரும். தசை நாராக இறுகியிருந்தால் முழுதாகத் தீராமலும் போகலாம். லோபுலார் வகையில் உள்ளிழுக்கப்பட்ட கண், புற்று அடங்கினாலும், பழைய இடத்துக்கு வருவது அரிது. அதை வைத்து ‘சிகிச்சை வேலைசெய்யவில்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்விளைவுகள் அளவைப் பொறுத்தவை. உடனே வருபவை: இமைத்தோல் சிவப்பு, கண் உறுத்தல், இமைமுடி உதிர்வு. நாள்பட வருபவை: கண்ணில் ஈரம் வற்றுவது, புரை. லென்ஸ் மிகவும் நொய்ந்தது. சில கிரே பட்டாலே சில ஆண்டுகளில் புரை விழக்கூடும். அதை அறுவை செய்து சரிசெய்துகொள்ளலாம் என்பதால், பார்வை நரம்பைக் காப்பாற்றும் வேலையில் லென்ஸைப் பற்றி அதிகம் தயங்குவதில்லை. நரம்பும் விழித்திரையும் வேறு கதை. வழக்கமான சிறு தவணைகளில் 50 கிரேயைத் தாண்டும்போதுதான் நரம்புக்கு ஆபத்து ஏற ஆரம்பிக்கும். 30 கிரே அதற்கு வெகு கீழே. ஒரே இடத்தில் சிறியதாக நிற்கும் கட்டிக்கு ஸ்டீரியோடாக்டிக் எனப்படும் குறிபார்த்த கதிர்வீச்சு சிலருக்குப் பொருந்தும். ஆனால் தவணைக்கு விழும் அளவு பெரிது என்பதால் நரம்பை ஒட்டிய கட்டிக்கு அதில் எச்சரிக்கை தேவை.

சிடிகே 4/6 தடுப்பு மாத்திரை (புற்றுச் செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கதிர்வீச்சு நாட்களில் அதை நிறுத்தி வைப்பது பல மையங்களின் வழக்கம். நிறுத்தச் சொன்னார்களா, எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு மருத்துவர் நிறுத்தச் சொல்லி, தொடங்கச் சொல்வது யார் வேலை என்று தெரியாமல் மாத்திரை வாரக்கணக்கில் விட்டுப்போவது நடக்கிற தவறுதான்.

உடம்புக்கான மருந்து

மூளைக்குப் பரவும் புற்றில், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு பல மருந்துகளை உள்ளே விடாது. கண்குழியின் கொழுப்புக்கும் தசைக்கும் அந்தத் தடுப்பு இல்லை. நுரையீரலில் வேலைசெய்யும் மருந்து இங்கேயும் வந்து வேலைசெய்யும். அதனால், பார்வைக்கு ஆபத்தில்லாமல் இமை சற்றுத் தொங்குவது மாதிரியான சிறு அறிகுறியோடு இருப்பவர்களுக்கு, இதுவரை அந்த மருந்து கொடுக்கப்படாதவராகவும் இருந்தால், கதிர்வீச்சைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு மருந்தை மட்டும் தொடங்கிப் பார்ப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட வழி. நிபந்தனை ஒன்று: மாதம் ஒருமுறையாவது கண் மருத்துவர் பார்வை, நிறம், கண் அசைவு, விழி எத்தனை மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது எல்லாவற்றையும் அளந்து குறிக்க வேண்டும்.

ஈஸ்ட்ரஜன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகைதான் அதிகம். இதற்குத் தொடக்கம் பெரும்பாலும் கீமோ அல்ல. உடம்பில் ஈஸ்ட்ரஜன் உருவாவதைக் குறைக்கும், லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் போன்ற அரோமடேஸ் தடுப்பு மாத்திரையோ, ஈஸ்ட்ரஜன் ஏற்பியை அடக்கும் ஃபல்வெஸ்ட்ரன்ட் 500 மில்லிகிராம் ஊசியோ, அதோடு ஒரு சிடிகே 4/6 தடுப்பு மருந்து. ஊசி முதலில் 1, 15, 29-ஆம் நாட்களில், பிறகு மாதம் ஒன்று. கூடவரும் மருந்து மூன்றில் ஒன்றாக இருக்கும்: பால்போசிக்லிப், ரைபோசிக்லிப், அபெமாசிக்லிப். முதல் இரண்டும் 21 நாள் எடுத்து 7 நாள் விடுவது. மூன்றாவது இடைவெளியில்லாமல் தினமும் இருவேளை. முதல் இரண்டிலும் வெள்ளணுக்கள் குறையும், அதனால் முதல் இரண்டு சுற்றுகளில் நடுவிலும் ரத்தப் பரிசோதனை உண்டு. ரைபோசிக்லிப்புக்கு ஈசிஜி வேண்டும். அபெமாசிக்லிப்பில் தொந்தரவு வயிற்றுப்போக்கு. முதல் முறை இளகிப் போனதுமே அதை நிறுத்தும் லோபெரமைடு போட்டுவிட்டால் கட்டுக்குள் நிற்கும், மூன்று நாள் பார்த்துவிட்டுப் போட்டால் உடம்பு வற்றிவிடும். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு சினைப்பையை அடக்கும் ஊசியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் அரோமடேஸ் தடுப்பு மருந்து பயன்தராது. பால்போசிக்லிப் முதன்முதலில் ஒப்புதல் பெற்றது 2015-இல். அதற்கு முந்தைய ஆய்வுகளில் உள்ள ஆயுட்கால எண்களை இணையத்தில் படித்துவிட்டுக் கலங்குபவர்கள் அவை இந்த மருந்து வருவதற்கு முந்தியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஹெர்-2 உள்ள வகைக்கு டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் ஊசிகளோடு டாக்ஸேன் வகைக் கீமோ நெடுங்கால வழக்கம்; இதயத்தின் திறனை எக்கோவில் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் கொடுக்கப்பட்டால், புதிதாக வரும் வறட்டு இருமலையோ மூச்சிரைப்பையோ சளி என்று விடக் கூடாது. நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். மூன்று ஏற்பிகளும் இல்லாத வகைக்குக் கீமோ. பிடி-எல்1 என்ற புரதத்துக்கான சோதனை கைகொடுத்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றின்மேல் திருப்பும் பெம்ப்ரோலிசுமாப்பும் சேரும். பிறவியிலேயே பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் உண்டு.

மருந்துகளே கண்ணில் செய்யும் குறும்பும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் புற்றின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். டாக்ஸேன் வகையைச் சேர்ந்த டோசிடாக்ஸெல் கண்ணீர் வடியும் குழாயைச் சுருக்கி ஓயாமல் கண்ணீர் வழியச் செய்யும். எலும்புக்குக் கொடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் அரிதாக, ஏற்றிய சில நாட்களுக்குள் கண்ணையோ கண்குழியையோ சிவந்து வீங்க வைக்கும். நேற்று வரை அடங்கியிருந்த கண் ஊசி போட்ட இரண்டாம் நாள் வீங்கினால், ஊசித் தேதியைச் சொல்லுங்கள்.

கண்ணை எடுத்துவிட்டால்?

கேட்கத் தோன்றும் கேள்விதான். பதில், வேண்டாம். புற்று விழியில் இல்லை, அதைச் சுற்றி ஊடுருவியிருக்கிறது. விழியை எடுத்தால் பார்வை போகும், புற்று இருக்கும். குழியையே காலிசெய்தாலும் ஆயுள் நீள்வதில்லை. அறுவைக்கு இங்கே உள்ள இடம் பயாப்ஸி எடுப்பதும், கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் அடங்காத கட்டியின் ஒரு பகுதியை அபூர்வமாகக் குறைப்பதும்தான்.

வீட்டில் செய்வது

பிதுங்கிய கண்ணுக்கு உடனடி எதிரி உலர்வு. இமை முழுதாக மூடாவிட்டால் கருவிழியின் கீழ்ப்பகுதி இரவெல்லாம் காய்ந்து புண்ணாகும், அந்தப் புண்ணே பார்வையைக் கெடுக்கும். தூங்கும்போது இமை மூடுகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் மூடவில்லை. பகலில், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத கண்ணீர்ச் சொட்டு, தேவைக்கேற்ப மணிக்கு ஒருமுறைகூட. இரவில் களிம்பு போட்டு, இமையை மூடித் தோல் பிளாஸ்டரால் கிடைமட்டமாக ஒட்டுவது. பஞ்சை நேராகக் கண்மேல் வைத்துக் கட்டக் கூடாது. இமை அடியில் திறந்துகொண்டால் பஞ்சே கருவிழியை உராயும். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும்.

இரட்டைப் பார்வைக்கு மூக்குக்கண்ணாடியின் ஒரு சில்லில் மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும், உடனே நிம்மதி. கோணம் நிலையானதும் ஒளியை வளைத்து இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கும் ஃபிரெனல் என்ற ஒட்டும் பிரிசத்தைச் சில்லில் பொருத்தலாம். கட்டி சுருங்கச் சுருங்கக் கோணம் மாறும் என்பதால் இந்தக் காலத்தில் நிரந்தரப் பிரிசக் கண்ணாடி செய்வது வீண்செலவு. ஒரு கண்ணை மறைத்த புதிதில் தூரக் கணிப்பு தடுமாறும். படிக்கட்டிலும், வெந்நீர் ஊற்றும்போதும் கவனம். வண்டி ஓட்டுவதை நிறுத்திவைக்க வேண்டும்.

முடிந்த பிறகு

கதிர்வீச்சு முடிந்து சுமார் இரண்டு, மூன்று மாதம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐயில் ஏதோ மிச்சம் தெரிவது சகஜம். அது உயிருள்ள புற்றா, ஆறிய தழும்பா என்று ஒரே படத்தில் சொல்ல முடியாது. அடுத்த படத்தில் வளராமல் இருந்தால் தழும்பு என்றே வைத்துக்கொள்வார்கள். கண்குழி அடங்கி வேறு உறுப்பில் நோய் கூடினால் மருந்தை மாற்றும் நேரம். உடம்பெல்லாம் அடங்கி கண்குழியில் மட்டும் கூடினால் மறுபடி கதிர்வீச்சு தர முடியுமா என்ற கேள்வி எழும். அதற்குப் பதில், பார்வை நரம்பு முதல் முறை எத்தனை கிரே வாங்கியது என்பதில் இருக்கிறது. மூளைக்குத் தனியாகக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே மொத்த அளவு, தவணை எண்ணிக்கை, தேதிகள், நரம்பில் விழுந்த உச்ச அளவு ஆகியவை அடங்கிய திட்ட அறிக்கையின் நகலைச் சிகிச்சை முடியும் அன்றே கேட்டு வாங்கி, ஸ்கேன் தகடுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘கதிர்வீச்சு முடிந்தது’ என்று ஒரு வரி எழுதிய டிஸ்சார்ஜ் தாளை வைத்துக்கொண்டு இரண்டாவது மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது.